சும்மா நின்ற யானை வித்தை கற்றுக்கொண்டது எப்படி?

கேள்வி இது: அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன ஆரம்பகால சர்க்கஸ்களில் யானைகள் எப்போது சேர்ந்தன, அவற்றை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், முதலிலிருந்தே அவை வித்தை காட்டினவா?

முதல் யானை 1796-ல் வந்தது. அது சர்க்கஸுக்காக வரவில்லை, வித்தை என்று பெரிதாக எதையும் காட்டவும் இல்லை. யானை என்ற ஒன்று கண்முன் நிற்கிறதே, அதைப் பார்ப்பதற்கே மக்கள் காசு கொடுத்தார்கள். பார்த்துப் பார்த்து அந்த வியப்பு தீர்ந்த பிறகுதான் யானைக்கு வித்தை சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. வித்தையும் பழகிப்போனபோது ஒரு யானை போதாமல் பத்து யானை, இருபது யானை என்று ஆனது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு முறை கூட்டத்துக்குச் சலிப்பு வந்தபோதும் அதற்கான விலையை யானைதான் கொடுத்தது.

அந்த முதல் யானையிலிருந்து தொடங்குகிறேன். மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்தைச் சேர்ந்த வணிகக் குடும்பம் ஒன்றின் மகன் கேப்டன் ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட். கிழக்கிந்திய வணிகத்துக்காகக் கல்கத்தா வந்திருந்த அவர், 1795-ல் வங்காளத்தில் ஒரு யானைக் குட்டியை 450 டாலருக்கு வாங்கினார். வயது இரண்டுதான், பெரிய எருது அளவு இருக்கிறது, ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தால் 5,000 டாலராவது கிடைக்கும் என்று தன் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வயது யானை என்றால் தாயிடம் பால் குடிக்கும் பருவம் இன்னும் முடியாத கன்று. அதைத்தான் 'அமெரிக்கா' என்ற பெயருள்ள கப்பலில் ஏற்றினார்கள். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் நின்று தண்ணீரும் கீரை, காய்களும் ஏற்றிக்கொண்டார்கள். 1796 ஏப்ரலில் கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தது. குட்டி 5,000-க்கு அல்ல, 10,000 டாலருக்கு விலை போனதாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. அன்றைக்கு அது ஒரு பெரிய சொத்தின் விலை.

வாங்கியவர் அதை நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன் என்று நடத்திக்கொண்டே போய்க் காட்டினார். 1797-ல் பாஸ்டனில் அச்சான நோட்டீஸ் ஒன்று இன்றும் இருக்கிறது. கட்டணம் கால் டாலர். இந்த யானை எல்லா வகை மதுவும் குடிக்கும், சில நாட்களில் 30 புட்டி கருப்பு பீர் குடித்திருக்கிறது, தக்கையைத் தும்பிக்கையாலேயே பிடுங்கும் என்று அது பெருமை பேசுகிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: முக்கியமான பல காகிதங்களை யானை நாசம் செய்திருப்பதால், அப்படிப்பட்ட காகிதங்களோடு யாரும் பக்கத்தில் வர வேண்டாம்! நான்கு வயதுக் குட்டி, கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் பார்த்திருக்கிறது. வேறென்ன செய்யும்?

அதே ஆண்டு சேலத்தில் அதைப் பார்த்த வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யானை ஆறடி நான்கு அங்குல உயரம். பார்ப்பவர்களின் சட்டைப் பைக்குள் தும்பிக்கையை விட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டது. படுக்கச் சொன்னால் படுக்கவில்லை. காவலாள் ஏறி உட்கார்ந்தபோதெல்லாம் அவனை உதறிக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் ஆண்பால் சொல்லிலேயே எழுதிவிட்டு, ஊர் வழக்கில் அப்படிச் சொல்வதால் தானும் அப்படி எழுதியதாகவும், உண்மையில் இது பெண் யானை என்றும் முடிக்கிறார். களிறு, பிடி என்று இரண்டு சொற்களை வைத்திருக்கும் நமக்கு இது விசித்திரமாக இருக்கலாம். அமெரிக்க சர்க்கஸ்காரர்கள் பின்னாளிலும் எல்லா யானைகளையும் 'புல்' என்றே கூப்பிட்டார்கள், அதாவது காளை. அந்தக் 'காளை'களில் பெரும்பாலானவை பிடிகள்.

சரி, அப்போது சர்க்கஸ் எங்கே இருந்தது? ஜான் பில் ரிக்கெட்ஸ் 1793-ல் பிலடெல்பியாவில் நடத்திய அமெரிக்காவின் முதல் சர்க்கஸ் அடிப்படையில் ஒரு குதிரையேற்ற வித்தைக் காட்சி. விலங்கைக் காட்டிச் சம்பாதிப்பது வேறு தொழில், வேறு ஆட்கள். பல ஊர்களில் கூத்து, சர்க்கஸ் என்றாலே பாவம் என்று மதப் பெரியவர்கள் எதிர்த்த காலம் அது. விலங்குகளைப் பார்ப்பது மட்டும் அறிவு வளர்க்கும் காரியம், கடவுளின் படைப்பைக் காண்பது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதனால் பல வருடங்கள் நடமாடும் மிருகக்காட்சியும் சர்க்கஸும் தனித்தனியாகவே போய்க்கொண்டிருந்தன. யானை இருந்தது மிருகக்காட்சியின் பக்கம்.

இந்தத் தொழிலை ஊன்றியவர் நியூயார்க் மாநிலத்தின் சோமர்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹக்கலையா பெய்லி. மாடு வாங்கி விற்பவர். அவரிடம் வந்து சேர்ந்த யானைதான் 'ஓல்ட் பெட்'. 1796-ல் வந்த குட்டியும் இதுவும் ஒன்றே என்று பல இடங்களில் படிக்கலாம், அதற்கு உறுதியான சான்று கிடையாது. பெய்லிக்கு நில வருமானத்தை விட யானை வருமானம் அதிகமாக இருந்தது. 1808-ல் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்து, ஓராண்டுக்கு ஆளுக்கு 1,200 டாலர் வாங்கிக்கொண்டு யானையில் பங்கு கொடுத்தார். பங்காளி ஒருவர் லாபத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தபோது பெய்லி துப்பாக்கியோடு போய், 'யானையில் என் பாதியை மட்டும் சுடப்போகிறேன்' என்று மிரட்டினார் என்று சோமர்ஸ் பக்கம் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனாலும் ஓர் உயிரைப் பங்குபோட்டு வைத்திருந்த தொழிலின் மனநிலை அதில் தெரிகிறது.

காட்சி நடந்த விதம் எளிமையானது. பகலில் ஏதாவது ஒரு சத்திரத்தின் கொட்டிலிலோ விவசாயியின் களஞ்சியத்திலோ யானையை நிறுத்துவார்கள். வாசலில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடப்பது இரவில் மட்டும். பகலில் நடந்தால் சாலையோரம் நின்று இலவசமாகப் பார்த்துவிடுவார்களே! கூட்டமாக வாழும் விலங்கு, தன் இனத்தில் இன்னொன்றைப் பார்க்காமலே ஆண்டுக்கணக்கில் இருட்டில் நடந்தது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓல்ட் பெட் என்றால் அந்த இரவு நடைதான் நினைவுக்கு வரும். 1816 ஜூலையில் மேய்ன் பகுதியின் ஆல்ஃபிரெட் என்ற ஊருக்கு அருகே ஒருவன் அவளைச் சுட்டுக் கொன்றான். ஏழை மக்கள் ஒரு விலங்கைப் பார்க்கக் காசை வீணாக்குவது பாவம் என்ற கோபமே காரணம் என்று சொல்லப்படுகிறது.

பத்து வருடம் கழித்து, 1826 மே 25 அன்று, ரோட் ஐலண்டின் செபாச்செட் கிராமத்துப் பாலத்தில் இன்னொரு யானையைச் சுட்டார்கள். அவள் பெயர் 'லிட்டில் பெட்'. வித்தை என்பது அமெரிக்காவில் தலைகாட்டும் இடம் இவள்தான் என்று சொல்லலாம். 'கற்றறிந்த யானை' என்று இவளை விளம்பரப்படுத்தினார்கள். மண்டியிடுவாள், முன்னங்கால் இரண்டிலும் பின்னங்கால் இரண்டிலும் மாறி மாறி உடலைத் தாங்கி நிற்பாள், ஆளைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்து பத்திரமாக இறக்கிவிடுவாள், புட்டியின் தக்கையைப் பிடுங்கிக் குடித்துவிட்டு வெறும் புட்டியையும் தக்கையையும் காவலாளிடம் திருப்பிக் கொடுப்பாள். 1797-ல் சேலத்தில் படுக்க மறுத்த குட்டியோடு ஒப்பிட்டால் முப்பது வருடத்தில் என்ன மாறிவிட்டது என்று புரியும். யானையைப் பார்த்தவர்கள் நாட்டில் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள், இனி 'கற்றறிந்த' என்ற அடைமொழி வேண்டும். செபாச்செட் பாலத்தில் அவளுக்கு இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதே ரோட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரில்தான் 2016 மே 1 அன்று அமெரிக்காவின் பெரிய சர்க்கஸ்களில் ஒன்றான ரிங்லிங் தன் கடைசி யானைக் காட்சிகளில் ஒன்றை நடத்தித் தன் யானைக் கதையை முடித்துக்கொண்டது. இரண்டு இடங்களும் ஒரே சிறிய மாநிலத்துக்குள் இருக்கின்றன.

பெய்லியைப் பார்த்துச் சோமர்ஸ் சுற்றுவட்டார விவசாயிகள் பலரும் விலங்குகளை வாங்கி ஊர்வலம் கிளம்பினார்கள். ஜோஷுவா பர்டி பிரவுன் 1825-ல் சர்க்கஸைத் துணிக் கூடாரத்துக்குள் நடத்தியது பெரிய திருப்பம். மரத்தில் அரங்கம் கட்டிப் பிரிக்கும் வேலை போனதால் ஒரே நாளில் ஊர் மாற முடிந்தது. 1835-ல் பல மிருகக்காட்சிகளின் முதலாளிகள் சோமர்ஸில் பெய்லி கட்டிய 'எலிஃபன்ட் ஹோட்டல்' கட்டடத்தில் கூடி ஒரே நிறுவனமாகச் சேர்ந்தார்கள். 1837-ன் பொருளாதாரச் சரிவு அந்த நிறுவனத்தை உடைத்தது. அதன் பிறகு மிருகக்காட்சியும் சர்க்கஸும் மெல்ல மெல்ல ஒரே கூடாரத்துக்குள் வந்தன, யானையும் குதிரை ஓடிய வட்ட அரங்கான ரிங்குக்குள் வந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சுவழக்கில் யானை எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு ஒரு சொல்வழக்கு சாட்சி. 1840-களில் 'நான் யானையைப் பார்த்துவிட்டேன்' என்றால், 'பெரிய ஆசையோடு போனேன், படாத பாடு பட்டேன், எல்லாவற்றையும் கண்டுவிட்டேன்' என்று பொருள். 1849-ல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் தங்கள் நாட்குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்கள். உள்நாட்டுப் போரின் சிப்பாய்களும் முதல் சண்டையை இப்படித்தான் சொன்னார்கள்.

அடுத்து வருவது இலங்கை. காட்சிகள் நடத்திப் புகழ்பெற்ற அமெரிக்கர் பி.டி. பார்னம் 1850-ல் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து இலங்கைக் காட்டிலிருந்து நேரடியாக யானைகளைப் பிடித்துவர ஒரு கப்பலை அனுப்பினார். திரும்பும் வழியில் தீவனத்துக்காக முன்கூட்டியே செயின்ட் ஹெலினாவில் வைக்கோல் இறக்கி வைத்தார்கள். உள்ளூர் மக்களின் துணையோடு யானைகளை வளைத்து அடைப்புக்குள் ஓட்டிப் பிடித்தார்கள். அந்த வேட்டையில் ஏராளமான யானைகள் கொல்லப்பட்டன என்று பார்னமே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1851-ல் நியூயார்க்கில் இறங்கியவை பத்து. அவற்றோடு இலங்கையைச் சேர்ந்த பாகன் ஒருவரும் வந்தார். பத்து யானைகளையும் ஜோடி ஜோடியாகத் தேரில் பூட்டி பிராட்வே தெருவில் ஊர்வலம் விட்டார்கள். ஒரே இடத்தில் பத்து யானை என்பது அமெரிக்கா அதுவரை பார்க்காத காட்சி. நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கூட்டத்தை விற்றார்கள். ஒரு யானையை மட்டும் பார்னம் வைத்துக்கொண்டார், எதற்குத் தெரியுமா? பிரிட்ஜ்போர்ட்டில் அவர் நிலத்தை ஒட்டி ரயில் பாதை போனது. யானையை ஏரில் பூட்டி, காவலாளுக்குக் கீழைநாட்டு உடை மாட்டி, கையில் ரயில் கால அட்டவணையைக் கொடுத்தார். ரயில் வரும் நேரத்தில் உழ வேண்டும். ஆறு ஏக்கர் நிலம், அதையே அறுபது தடவைக்கு மேல் உழுதார்கள் என்பது அவர் கணக்கு. பயணிகள் நம்பிவிட்டார்கள். யானை வைத்து உழுதால் லாபமா என்று விவசாயச் சங்கங்களிலிருந்து கடிதம் குவிந்ததால், தயவுசெய்து வாங்காதீர்கள் என்று பதில் அச்சடித்து அனுப்ப வேண்டியதாயிற்று. இலங்கைக் காட்டில் கூட்டத்தோடு மேய்ந்த ஒரு விலங்கு, ஓடும் ரயிலுக்கு விளம்பரப் பலகையாக நின்றது.

இப்போது பழக்கும் முறைக்கு வருகிறேன், கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். தலைகீழாக நிற்பது, பீப்பாய் மேல் உட்காருவது, பின்னங்காலில் எழுவது இவையெல்லாம் யானை தானாக விரும்பிச் செய்பவை அல்ல. காலில் கயிறு கட்டி, கப்பியில் இழுத்து உடலைத் தூக்குவார்கள். கூடவே கட்டளைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கயிறு இழுக்காமலே சொல்லுக்கு உடல் எழும் வரை இது நடக்கும். செய்தால் தீனி, மறுத்தால் கொக்கி. அவர்கள் 'புல் ஹுக்' என்று சொன்ன அந்தக் கொக்கி நம் அங்குசமேதான், ஆசியாவிலிருந்து யானையோடு சேர்ந்து போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்டூவர்ட் கிரேவன் போன்ற பழக்குநர்கள் இதைத் தனித்தொழிலாகவே ஆக்கினார்கள். குட்டியாக இருக்கும்போதே தொடங்குவது, பிடிகளையே தேர்ந்தெடுப்பது எல்லாம் அனுபவத்தில் வந்தவை.

ஆண் யானைகள் விஷயத்தில் நடந்தது பெரும் சோகம். மதம் என்பதை நாம் நூற்றாண்டுகளாக அறிவோம். கன்னத்தில் நீர் வடிந்தால் பாகன் யானையைக் கட்டிப்போட்டு விலகி நிற்பான், சில வாரங்களோ மாதங்களோ பொறுத்திருப்பான். அந்தப் பரம்பரை அறிவு கடல் கடந்து முழுதாகப் போய்ச் சேரவில்லை. தினம் ஒரு ஊர் என்று ஓடும் கூட்டத்துக்குப் பொறுத்திருக்க நேரமும் இல்லை. மதம் பிடித்த களிறு அவர்களுக்குக் 'கெட்ட யானை'. சங்கிலி, பட்டினி, அடி, அதற்கும் அடங்காவிட்டால் துப்பாக்கி. விஸ்கான்சினின் டெலவன் நகரில் குளிர்காலத்தைக் கழித்த மேபி சகோதரர்களின் சர்க்கஸில் ரோமியோ என்ற களிறு காவலாட்களைக் கொன்றது. அதற்கு இன்று அந்த ஊரில் சிலை இருக்கிறது. அதன் ஜோடி ஜூலியட் 1864-ல் இறந்தபோது உடலை அங்கிருந்த ஏரியில் இழுத்துவிட்டார்கள்.

1872-ல் பார்னமின் சர்க்கஸ் ரயிலேறிய பிறகு யானைக்கு வித்தையோடு கூலி வேலையும் சேர்ந்தது. வண்டிகளை நெற்றியால் தள்ளுவது, கூடாரக் கம்பங்களை இழுத்து நிறுத்துவது, சேற்றில் சிக்கிய சக்கரங்களை மீட்பது. அதிகாலையில் கூடாரம் போட உதவிய அதே யானை பிற்பகலில் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு ரிங்குக்குள் வரும், இரவு கூடாரம் பிரிக்கப் போகும்.

1880-கள் எண்ணிக்கைப் போட்டியின் காலம். 1880 மார்ச் 10 அன்று பிலடெல்பியாவில், கூப்பர் அண்ட் பெய்லி சர்க்கஸின் குளிர்கால முகாமில் 'கொலம்பியா' என்ற குட்டி பிறந்தது. அமெரிக்காவில் சர்க்கஸ் யானை ஈன்ற முதல் குட்டி என்று கொண்டாடினார்கள். தாய்க்கும் குட்டிக்கும் 1,00,000 டாலர் தருகிறேன் என்று பார்னம் தந்தி அடித்தார். அந்த சர்க்கஸின் முதலாளியும் பார்னமின் எதிராளியுமான ஜேம்ஸ் பெய்லி (சோமர்ஸ் பெய்லி அல்ல, வேறொருவர்) அந்தத் தந்தியையே பெரிதாக அச்சடித்து விளம்பரம் ஆக்கினார். இவரோடு மோதுவதை விடச் சேர்ந்துகொள்வது மேல் என்று பார்னம் முடிவெடுக்க, 1881-ல் இருவரின் சர்க்கஸும் ஒன்றாயின. ஜம்போவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1882-ல் லண்டனிலிருந்து 10,000 டாலருக்கு வந்த ஆப்பிரிக்கக் களிறு, 1885-ல் கனடாவில் ரயில் மோதி இறந்தது. அது வித்தை காட்டிய யானையே அல்ல, அதன் உருவமே காட்சி. அந்த வகையில் 1796-ன் குட்டிக்கு அதுதான் வாரிசு. 1884 மே 17 அன்று புதிய புரூக்ளின் பாலத்தின் மேல் 21 யானைகளைப் பார்னம் நடத்திக் காட்டினார், பாலத்தின் உறுதிக்கும் விளம்பரம், தனக்கும் விளம்பரம்.

அதே ஆண்டு அவர் பர்மாவிலிருந்து ஒரு வெள்ளை யானையை வரவழைத்தார். உண்மையான வெள்ளை யானை பால்போல் இருக்காது, இளஞ்சிவப்புத் திட்டுகள்தான் இருக்கும் என்பதால் கூட்டம் ஏமாந்தது. போட்டியாளர் ஆடம் ஃபோர்பா ஒரு சாதாரண யானைக்குச் சாயம் பூசி 'ஆசியாவின் ஒளி' என்று இறக்கினார், அது பளிச்சென்று வெள்ளையாக இருந்ததால் மக்கள் அதை நம்பினார்கள்! ஏமாற்று வெளிப்பட்டபோது அந்த வெள்ளை யானை இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். அது இறக்கவில்லை. சாயம் கழுவப்பட்டு, அன்றைய குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சல்லிவனின் பெயரோடு, தும்பிக்கை நுனியில் குத்துச்சண்டை உறை மாட்டி மறுபடி ரிங்குக்கு வந்தது.

அதைப் பழக்கியவர் எஃப் தாம்சன் என்ற கறுப்பினத்தவர். ரிங்கில் அவரே எதிராளியாக நிற்பார், யானை விடும் குத்தில் விழுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் விளம்பரங்களில் பழக்குநராக முழங்கியது முதலாளியின் மகன் பெயர். தாம்சன் ஐரோப்பாவுக்குப் போய்த் தன் சொந்த யானைக் குழுவோடு பெரும் புகழ் பெற்றார். இந்த வரலாற்றில் இவருக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை, அதனால்தான் பெயர் சொல்லி எழுதுகிறேன்.

ஃபோர்பாவிடம் டாப்ஸி என்று இன்னொரு பிடியும் இருந்தாள். கொலம்பியாவுக்கும் முன்பே, அமெரிக்காவில் பிறந்த முதல் குட்டி என்று அவளைக் காட்டினார், அது பொய். ஆசியாவில் பிடித்துக் கொண்டுவந்த கன்று அவள். பல வருட சர்க்கஸ் வாழ்க்கைக்குப் பின் 1902-ல் ஒரு பார்வையாளரைக் கொன்றாள். 1903 ஜனவரி 4 அன்று கோனி தீவில் மின்சாரம் பாய்ச்சி அவளைக் கொன்றார்கள், எடிசனின் நிறுவனம் அதைப் படம் பிடித்தது. அந்தப் படம் இன்றும் இணையத்தில் இருக்கிறது. நான் ஒரு தடவை பார்த்தேன், மறுபடி பார்க்கமாட்டேன்.

அந்தக் குத்துச்சண்டை யானை மட்டும் நீண்டகாலம் இருந்தது. வயதாகி 'ஓல்ட் ஜான்' என்று எல்லோருக்கும் செல்லமானது. அமெரிக்காவின் முதல் யானைத் தொழில் தொடங்கிய சோமர்ஸில், எலிஃபன்ட் ஹோட்டல் முன்னால், ஹக்கலையா பெய்லி ஓல்ட் பெட்டுக்காக எழுப்பிய கருங்கல் தூண் இருக்கிறது, உச்சியில் ஒரு சிறிய யானை உருவம். 1922-ல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்டத்திலிருந்து ஓல்ட் ஜானை ஏறத்தாழ ஐம்பது மைல் நடத்திக் கூட்டிப்போனார்கள். அது அந்தத் தூணின் அடியில் ஒரு மலர்வளையம் வைத்தது. இதுவும் விளம்பரத்துக்குச் செய்ததுதான். ஆனாலும் ஓல்ட் பெட்டைத் தேடி இன்னொரு யானை வந்து நிற்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.